காலையில இறுகுற ஃபோக்லிஃப்ட் ஸ்டியரிங்: ஹட்டன் கராஜ்காரங்க நம்ம ஸ்டோருக்கு வந்து பார்த்த வேலை

எங்க ஸ்டோர் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில, மரக்கறியும் உரமும் ரெண்டும் ஒரே கூரைக்கு கீழ வேற வேற பக்கமா வச்சிருக்கோம், நான் அங்க ஸ்டோர் கீப்பர். எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஃபோக்லிஃப்ட், ஜப்பான்ல இருந்து ரீகண்டிஷனா வந்த 2.5 டன் டீசல். அது ஓடலைன்னா உர மூட்டை 50 கிலோ ஒவ்வொண்ணா தோள்ல தூக்கித்தான் லொறியில இருந்து இறக்கணும், அதை நான் கண்ணால பார்த்திருக்கேன், அதனால தான் இந்த ரிவியூவ இவ்வளவு நீளமா எழுதுறேன், கொஞ்சம் பொறுமையா வாசிங்க. 5க்கு 5 குடுக்க மனசு இருக்கு ஆனா 4 தான் குடுத்திருக்கேன், காரணம் கடைசியில சொல்றேன்.

பிரச்சினை ஆரம்பிச்சது போன மழைக்கு பொறகு. காலையில வெள்ளன ஸ்டார்ட் பண்ணுனா ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கும், ஓட்டுற அண்ணன் ரெண்டு கையாலயும் இழுத்துத்தான் திருப்புவாரு, ஒன்பது பத்து மணி ஆனா கொஞ்சம் லேசாகும், ஆனா முழுசா சரியாகாது. அதோட பின்பக்கம் எங்கயோ ஊ...ன்னு ஒரு சத்தம், காலையில கூடுதலா இருக்கும், வெயில் ஏறுனா குறையும். இன்னொண்ணு, நேரா போகும்போதே வண்டி ஒரு பக்கமா மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டு போகும், ஸ்டியரிங்க சும்மா சும்மா திருத்திக்கிட்டே இருக்கணும், ஸ்டியரிங்ல இருக்கிற அந்த உருண்டை பிடி காலையில நேரா இருந்தா அந்தியில எங்கயோ போய் நிக்கும். எங்க லோடிங் யார்டு கொஞ்சம் சரிவு, மலைநாட்டுல சமமான யார்டு யாருக்கு கிடைக்குது, அந்த சரிவுல பனி மூட்டத்துல கேரட் மூட்டை பலட்டோட இறங்கும்போது ஒருநாள் வண்டியோட பின்பக்கம் வீசி லொறிக்கு பக்கத்துல நின்ன பையனுக்கு ஒரு முழம் தள்ளி போச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அடுத்தநாளே வண்டிய நிப்பாட்டிட்டேன், மேல இருக்கிறவங்க சத்தம் போட்டாலும் பரவாயில்லைன்னு.

இந்த கராஜுக்கு வர்றதுக்கு முந்தி ரெண்டு பேர் பார்த்தாங்க, யாருன்னு சொல்ல மாட்டேன். முதல் ஆள் மூடியை திறந்து பார்த்தாரு, ஒயில் குறைவா இருக்குன்னு சொல்லி 68 நம்பர் ஒயில் ஊத்திட்டு போனாரு, தடிப்பான ஒயில் போட்டா லீக் குறையும்னு சொன்னாரு. அதுக்கு பொறகு காலையில இன்னும் மோசம். ரெண்டாவது ஆள் மலைக்கு கீழ இருந்து வந்தாரு, வந்து அரை மணித்தியாலத்துல ஓபிட்ரோல் போயிருச்சுன்னு சொல்லி, ஸ்டியரிங் தண்டுக்கு கீழ இருக்கிற அந்த கட்டை மாதிரி சாமான், அதையே மாத்திட்டாரு, சாமானும் கூலியுமா 92,000 ரூபா, பழைய ஓபிட்ரோலையும் அவரே கையோட எடுத்துக்கிட்டு போயிட்டாரு. ரெண்டு நாள் நல்லா இருக்கிற மாதிரி இருந்துச்சு, மூணாவது நாள் பழைய கதை. போன் பண்ணுனா வண்டி பழசு மிஸ், புதுசு எடுங்கங்கிறாரு. 2020ல இருந்து வாகன இறக்குமதிய நிப்பாட்டி வச்சு இந்த நாட்டுல ஒரு பழைய மெஷினே என்ன விலைக்கு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், புதுசு எடுங்கன்னு லேசா சொல்லிட்டு போறது எங்களை மாதிரி சின்ன ஸ்டோருக்கு பதில் இல்ல.

பொறகு தலவாக்கலையில தேயிலை ஃபெக்டரியில வேலை செய்யிற எங்க சித்தப்பா தான் இந்த இடத்தை சொன்னாரு. போன் பண்ணுனேன், பெரியவர் பேசுனாரு, எல்லாரும் அவரை பாஸ்னு தான் கூப்பிடுறாங்க, நானும் அப்படியே எழுதுறேன். எனக்கு முதல்ல பிடிச்சது என்னன்னா அவரு எவ்வளவு காசு ஆகும்னு பேச்சை ஆரம்பிக்கல, கேள்வியா கேட்டாரு. “தங்கச்சி, லோடு இருக்கும்போது இறுகுதா வெறுமையா போகும்போது இறுகுதா?” “முள்ளு (முன்னால பாரம் தூக்குற ரெண்டு இரும்புக் கம்பி) தூக்கும்போது அதுவும் சோம்பலா தூக்குதா இல்ல அது நல்லா தூக்குதா?” “காலையில மட்டுமா நாள் முழுக்கவா?” “திருப்பி முடிஞ்ச கடைசியில பிடிச்சு அமுக்குனா ஸ்டியரிங் நிக்குதா இல்ல மெதுவா சுத்திக்கிட்டே போகுதா?” கடைசி கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, பார்த்து சொல்லுங்கன்னு வச்சிட்டாரு. நான் போய் ஓட்டுற அண்ணன்கிட்ட செய்ய சொல்லி பார்த்தேன், சுத்திக்கிட்டே தான் போச்சு. திருப்பி எடுத்து சொன்னதும் “சரி, அப்ப நாங்க வாறோம், அதுவரைக்கும் ஓட்ட வேணாம்”னாரு.

வந்தது புதன்கிழமை, நல்ல மழை, ஹட்டன்ல இருந்து தலவாக்கலை வழியா பிக்கப்ல பாஸும் ரெண்டு பையன்களும். வந்ததும் மெஷினுக்கு பக்கத்துல போகல, ஓட்டுற அண்ணனை கூப்பிட்டு உக்கார வச்சு கேட்டாரு. அண்ணன் ஆரம்பத்துல இருந்தே ஒண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாரு, லோடோட போனா ஸ்டியரிங் லேசா இருக்கு வெறுமையா போனா தான் இறுகுதுன்னு. முதல்ல வந்த ரெண்டு பேருமே அதை நம்பல, பாரம் இருந்தா தானே இறுகணும்னு. பாஸ் உடனே தலையாட்டுனாரு. ஃபோக்லிஃப்ட்ல திரும்புறது பின் சில்லு, முன் சில்லு ரெண்டும் பாரம் தாங்குறதுக்கும் ஓடுறதுக்கும் தான். முள்ளுல பாரம் ஏறுனா எடை முன்பக்கம் போகும், பின்பக்கம் லேசாகும், ஸ்டியரிங்கும் லேசாகும். வெறுமையா நிக்கும்போது பின்னால இருக்கிற அந்த பெரிய இரும்பு எடை முழுசா பின் சில்லு மேல உக்காரும், அப்ப தான் ஸ்டியரிங்குக்கு உண்மையான வேலை. அதனால அண்ணன் சொன்னது பொய் இல்ல, அது தான் முதல் தடயம். இன்னொண்ணும் அப்பவே சொன்னாரு, லேசா இருக்குன்னு அளவுக்கு மேல பாரம் ஏத்துனா பின் சில்லு நிலத்தை பிடிக்காது, அப்ப ஸ்டியரிங் இருக்கு ஆனா வண்டி திரும்பாது, அதை ரிப்பேர் பண்ண யாராலயும் ஏலாது, பாரத்தை குறைக்கிறது ஒண்ணு தான் வழின்னு. 15 வருஷமா ஓட்டுற ஒரு மனுஷன் சொல்றதை ஒரு மெக்கானிக் காது குடுத்து கேட்டது எனக்கு ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு, அண்ணன் முகத்துலயும் அது தெரிஞ்சுச்சு.

வேலைய தொடங்குறதுக்கு முன்னால அவர் எனக்கு விளங்கப்படுத்துனதை நானும் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா இது தெரிஞ்சா தான் மிச்சம் விளங்கும். காருல மாதிரி ஸ்டியரிங்கையும் சில்லையும் சேர்க்கிற தண்டு எங்க மெஷின் மாதிரி ஃபோக்லிஃப்ட்ல இல்ல. நம்ம ஸ்டியரிங்க திருப்புனா ஓபிட்ரோல் ஒயில அளந்து இடது பக்கமோ வலது பக்கமோ அனுப்பும், அந்த ஒயில் பின் ஆக்சில்ல குறுக்கா இருக்கிற சிலிண்டரை தள்ளும், சிலிண்டர் ரெண்டு பக்கமும் லிங்க் மூலமா சில்லை திருப்பும், சில்லு கிங்பின்னுங்கிற செங்குத்தான தண்டுல சுத்தும். ஒயில அனுப்புறது பம்ப், அந்த பம்ப் தான் முள்ளையும் தூக்குது, ரெண்டுக்கும் நடுவுல பிரயோரிட்டி வால்வ்னு ஒண்ணு நின்னு முதல்ல ஸ்டியரிங்குக்கு குடுத்துட்டு மிச்சத்தை தான் முள்ளுக்கு விடும். அப்போ ஸ்டியரிங் இறுகுதுன்னா கோளாறு ஸ்டியரிங்ல இருந்து பின் சில்லு வரைக்கும் எங்க வேணும்னாலும் இருக்கலாம். “எல்லாரும் கைக்கு எட்டுறதை தான் முதல்ல கழட்டுவாங்க”ன்னு பாஸ் சொன்னாரு, அதுல கோவம் இல்ல, வருத்தம் தான் இருந்துச்சு.

முதல்ல முள்ளை தூக்கி பார்த்தாரு. பாரத்தோட நல்லா தூக்குது. முள்ளும் சோம்பல் ஸ்டியரிங்கும் இறுக்கம்னா பொதுவான பக்கம், ஒயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, பம்ப் தேய்மானம், அந்த மாதிரி. முள்ளு நல்லா தூக்கி ஸ்டியரிங் மட்டும் இறுகுனா பிரயோரிட்டி வால்வ்ல இருந்து அந்தப்பக்கம் தேடணும். எங்களுது ரெண்டுக்கும் நடுவுல, தூக்குறது நல்லா இருக்கு ஆனா சத்தமும் இருக்கு, அதனால அவர் சத்தத்தை தனியா எடுத்துக்கிட்டாரு.

ஒயில் டேங்க் மூடியை திறந்து டோர்ச் அடிச்சு காட்டுனாரு, மேல சவர்க்கார நுரை மாதிரி. ஒரு கிளாஸ் போத்தல்ல கொஞ்சம் எடுத்து ஜன்னல்ல வச்சாரு. காத்து கலந்த ஒயில்னா கொஞ்ச நேரத்துல தெளியும், தண்ணி கலந்ததுன்னா பால் மாதிரியே நிக்கும். எங்களுது பிளேன்டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தெளிஞ்சுச்சு. அப்ப காத்து எங்கயோ உள்ள போகுது. இதுல தான் மத்தவங்க ஏமாந்த இடம், ஏன்னா டேங்க்ல இருந்து பம்புக்கு போற ஹோஸ் இழுக்கிற பக்கம், அதுல வெடிப்பு இருந்தா ஓடும்போது ஒயில் வெளிய சிந்தாது, காத்து தான் உள்ள போகும், நிலத்துல ஒரு சொட்டு கூட இருக்காது. எஞ்சினை மெதுவா ஓட விட்டு அந்த ஹோஸ் மூட்டுகள்ல கிரீஸ் பூசிக்கிட்டே வந்தாரு, கிளிப்புக்கு கீழ ஒரு இடத்துல பூசுனதும் சத்தம் அப்படியே மாறிச்சு, எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, அவ்வளவு தெளிவா. ரப்பர் கிளிப்புக்கு கீழ வெடிச்சிருந்துச்சு, கழட்டாம கண்ணுக்கு தெரியவே தெரியாது.

காலையில மட்டும் ஏன் கூடுதல்னு கேட்டேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரி காலையில 10 டிகிரிக்கு கீழ போறது நமக்கு புதுசு இல்ல, சில நாள் புல்லு மேல உறைபனியே வெள்ளையா கிடக்கும். ஒயில்ல போட்டிருக்கிற 32, 46, 68ங்கிற நம்பர் 40 டிகிரி சூட்டுல அது எவ்வளவு தடிப்புங்கிற கணக்கு, குளிர்ல எல்லாமே இன்னும் தடிக்கும், 68 ரொம்ப தடிக்கும். பம்ப் அந்த தடிப்பான ஒயில இழுக்க கஷ்டப்படும்போது வெடிச்ச இடத்துல இருந்து காத்தை கூடுதலா உறிஞ்சும். அதனால முதல் ஆள் ஊத்துன ஒயில் தான் காலையில பிரச்சினைய பெருசாக்குனது. எங்க மெஷின் புத்தகத்துல 32 தான் போட்டிருக்கு, புத்தகம் ஆபிஸ் அலுமாரியில தான் கிடந்துச்சு, யாரும் கேட்கல, நானும் எடுத்து பார்க்கல. கொழும்புல ஓடுற மெஷினுக்கு ஊத்துறதை அப்படியே மேல கொண்டுவந்து ஊத்தக்கூடாது, மலைநாட்டுல ஸ்டோர், ஃபெக்டரி வச்சிருக்கிறவங்க இதை மட்டும் வாசிச்சாலும் போதும்.

அடுத்தது அந்த சுத்திக்கிட்டே போற விஷயம். கடைசி வரைக்கும் திருப்பி அமுக்குனா ஸ்டியரிங் கிட்டத்தட்ட நிக்கணும், ரொம்ப ரொம்ப மெதுவா நகர்றது புது மெஷின்லயும் இருக்கும், ஆனா எங்களுது சும்மா சுத்துச்சு. அப்படின்னா ஒயில் எங்கயோ உள்ளுக்குள்ளயே ஒழுகுது, ஒண்ணு ஓபிட்ரோல் இல்லைன்னா சிலிண்டர் உள்ள இருக்கிற பிஸ்டன் சீல். ஓபிட்ரோல் புதுசு. ஆனாலும் பாஸ் புதுசு தானேன்னு விட்டுடல, எஞ்சினை நிப்பாட்டி, முள்ளை நிலத்துல இறக்கி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருப்பி உள்ள இருக்கிற பிரஷரை இறக்கிட்டு, சிலிண்டருக்கு போற ரெண்டு ஹோஸையும் கழட்டி ஓபிட்ரோல் பக்கம் ரெண்டு வாயையும் இறுக்கமா அடைச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ணி திருப்புனாரு. ஸ்டியரிங் நின்னுச்சு, அசையல. ஓபிட்ரோல் நல்லது, ஒழுகுறது சிலிண்டர். பழைய ஓபிட்ரோல் மாத்துறதுக்கு முந்தியும் இதே மாதிரி தான் வண்டி இழுத்துச்சு, அப்போ அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கலாம், ஆனா இப்ப சோதிச்சு பார்க்க அது எங்ககிட்ட இல்ல. யார் வேலை செஞ்சாலும் கழட்டுன பழைய சாமானை கையில வாங்கி வச்சுக்கங்க, அது உங்க காசு.

மூணாவது தான் எனக்கு வயித்தை கலக்குனது. பின்பக்கம் ஜெக் அடிச்சு, மரக்கட்டை வச்சு, முன் சில்லுக்கு ஆப்பு வச்சு, லிங்க் பின்னை கழட்டி ஒவ்வொரு பின் சில்லையும் தனித்தனியா கையால திருப்பி பார்த்தாங்க. வலது சில்லு லேசா சுத்துது. இடது சில்லை ரெண்டு பையன்களும் சேர்ந்து தள்ளுறாங்க, கரகரன்னு சத்தத்தோட கொஞ்சம் அசைஞ்சு நிக்குது. கிங்பின்னை தட்டி எடுத்தாங்க, ஊசி பெயாரிங் செம்மண் நிறத்துல துருப்பிடிச்சு பொடியா கொட்டுச்சு. கிரீஸ் நிப்பிள் வாய்ல உரமும் சேறும் சேர்ந்து சீமெந்து மாதிரி அடைச்சிருந்துச்சு. நாங்க மாசா மாசம் கிரீஸ் அடிச்சோம்னு புத்தகத்துல கையெழுத்து இருக்கு, கிரீஸ் அடிச்சதும் உண்மை தான், ஆனா அது உள்ள போகவே இல்ல, நிப்பிளுக்கு பக்கத்தால வெளிய வழிஞ்சிருக்கு, துணியால துடைச்சு விட்டிருக்காங்க. உரம் இரும்பை அரிக்கும், அதுலயும் ஈரத்தோட சேர்ந்தா சொல்லவே வேணாம், எங்க ஸ்டோர்ல ரெண்டுமே எப்பவும் இருக்கு. அதோட கிழமைக்கு ஒருக்கா பிரஷர் பைப்பால கழுவுறோம், அந்த தண்ணி சீலை தாண்டி பெயாரிங் உள்ள போகும்னு பாஸ் சொன்னப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு, சுத்தமா வச்சிருக்கோம்னு நினைச்சு செஞ்சது.

சிலிண்டரை கழட்டி கராஜுக்கு கொண்டுபோனாங்க, தண்டுல கீறல் துரு ஏதும் இருக்கான்னு நகத்தால இழுத்து பார்த்து காட்டுனாரு, கீறல் இருந்தா புது சீல் போட்டும் கொஞ்ச நாள்ல திரும்ப ஒழுகுமாம், எங்களுது நல்ல நேரத்துக்கு வழுவழுன்னு இருந்துச்சு. சீல் கிட்டும் கிங்பின் பெயாரிங்கும் கொழும்புல வாகன சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில எடுத்து கொழும்பு பஸ்ல பார்சலா ஹட்டனுக்கு வந்துச்சு, சனிக்கிழமை காலையில வந்து பூட்டி, ஹோஸ் மாத்தி, பழைய ஒயில் முழுசா இறக்கி டேங்கை கழுவி ஃபில்டர் மாத்தி 32 ஊத்துனாங்க. காத்து எடுக்கிறதுக்கு பின் சில்லை தூக்குன மாதிரியே வச்சு எஞ்சின் மெதுவா ஓட ஸ்டியரிங்க இந்த கடைசியில இருந்து அந்த கடைசிக்கு பத்து பதினைஞ்சு தரம் திருப்பி, ஒயில் மட்டம் பார்த்து, திரும்ப ஊத்தி, திரும்ப திருப்பி. அவசரப்படல. பகல் ரெண்டு மணிக்கு ஓட்டுற அண்ணன் ஏறி ஒரு கையால, ஒரே ஒரு கையால, அந்த உருண்டை பிடியை பிடிச்சு வெறும் வண்டிய யார்டுல எட்டு போட்டு காட்டுனாரு. ஸ்டோர்ல இருந்த எல்லாரும் வெளிய வந்து பார்த்தாங்க.

பில்லு எல்லாம் சேர்த்து 71,400 ரூபா, அதுல ஒயில் மட்டுமே பெரிய பங்கு, கூலி நான் நினைச்சதை விட குறைவு. ஒவ்வொரு சாமானுக்கும் கடை ரசீதை பில்லோட சேர்த்து பின் அடிச்சு குடுத்தாரு, பழைய பெயாரிங், சீல், வெடிச்ச ஹோஸ் எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டு நான் கேட்காமலே கையில குடுத்தாரு. முன்னால வீணா போன 92,000ஐ நினைச்சா இப்பவும் வலிக்குது.

இப்ப அந்த ஒரு புள்ளி ஏன் குறைச்சேன்னு சொல்றேன். போன் எடுக்கவே மாட்டாங்க, அவங்க முதல் தரம் எடுக்கிறதுக்கு முந்தி ரெண்டு நாளா ஆறேழு தடவை அடிச்சேன், கடை முழுக்க கிரைண்டர் சத்தம் அதனால கேட்காதுன்னு பையன் சொன்னான், சரி, ஆனா மெஷின் நின்னுபோன ஆளுக்கு அது பெரிய கஷ்டம், ஒரு மெசேஜ் பார்க்கிற ஆள் வச்சா நல்லா இருக்கும். வாரன்ட்டி வாய் வார்த்தை தான், எழுத்துல இல்ல, எங்க ஹெட் ஆபிஸ் எழுத்துல கேட்டப்ப ரெண்டு நாள் கழிச்சு தான் கையால எழுதி சீல் அடிச்சு தந்தாங்க. அதோட பிரஷர் பார்க்கிற மீட்டர் அன்னைக்கு அவங்ககிட்ட வேலை செய்யல, பிரயோரிட்டி வால்வையும், பிரஷர் அளவுக்கு மேல போகாம பார்க்கிற ரிலீஃப் வால்வையும் மீட்டர் வச்சு பார்க்க வேண்டியிருந்தா எங்க வேலை இன்னொரு நாள் தள்ளியிருக்கும், இது ஹைட்ரோலிக் கராஜுக்கு அடிப்படை சாமான், தயவுசெஞ்சு இன்னொண்ணு வாங்கி வைங்க பாஸ். பேட்டரி ஃபோக்லிஃப்ட்ல வர்ற மின்சார ஸ்டியரிங் வேலை நாங்க செய்யிறதில்லைன்னு அவங்களே நேரா சொல்றாங்க, அதுக்கு வேற ஆள் தேடணும், தெரியாத வேலைய தெரியாதுன்னு சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு.

அன்னைக்கு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டதுல இன்னும் கொஞ்சம் இருக்கு, மத்தவங்களுக்கும் உதவும்னு எழுதுறேன். ஸ்டியரிங்க கை விட்டா தானாவே சுத்த ஆரம்பிச்சா அது ஓபிட்ரோல் உள்ள நடுவுக்கு கொண்டுவர்ற தகட்டு ஸ்பிரிங் உடைஞ்சது இல்ல தூசு சிக்குனது, அப்படியே நிப்பாட்டணும், ஒரு அடி கூட ஓட்டக்கூடாது. இடது திருப்புனா வலது போனா யாரோ ஹோஸை மாத்தி பூட்டியிருக்காங்க. திருப்பும்போது துள்ளி துள்ளி பஞ்சு மாதிரி இருந்தா காத்து. காருல மாதிரி ஸ்டியரிங் தானா நேருக்கு வரலைன்னா பயப்பட தேவையில்ல, எங்க மாதிரி ஹைட்ரோலிக் ஸ்டியரிங்ல அது பெரும்பாலும் அப்படித்தான், ஓட்டுற ஆள் தான் திருப்பி கொண்டுவரணும். சில்லு ஆடுனா லிங்க் பின், கிங்பின், சில்லு நட்டு, ஆக்சில் நடுவுல இருக்கிற பின்னோட புஷ் எல்லாத்தையும் பார்க்கணும், கம்பியால நெம்பி பார்த்தா ஆட்டம் தெரியும். பின் டயர் ரெண்டும் ஒரே அளவா தேய்ஞ்சிருக்கணும், எங்களுக்கு 6.00-9, ஒண்ணு புதுசு ஒண்ணு மொட்டைன்னு போட்டா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அதுக்கு ஹைட்ரோலிக்க குறை சொல்லி பிரயோசனம் இல்ல. நின்ன இடத்துலயே ஸ்டியரிங்க திருப்புற பழக்கத்தை விட்டுட்டு கொஞ்சமாவது உருள விட்டு திருப்புனா டயரும் கிங்பின்னும் ரெண்டும் காலம் நிக்கும், எங்க அண்ணன் இதை கேட்டு பழக்கத்தை மாத்திட்டாரு.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்கிறேன். ஹோஸ்ல மெல்லிசா ஒயில் பீச்சுற மாதிரி இருந்தா கையால தடவி தேடாதீங்க, ஊசி துவாரத்துல வர்ற ஒயில் தோலை துளைச்சு உள்ள போயிரும், வெளிய சின்ன புள்ளி மாதிரி தான் தெரியும் ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு போகலைன்னா கை விரலே போகலாம். அட்டைத் துண்டு பிடிச்சு தேடுங்க. ஜெக் மேல மட்டும் நிக்கிற மெஷினுக்கு கீழ யாரையும் விடாதீங்க, கட்டை வைங்க. பாஸ் தன் பையன்கள்ல ஒருத்தன் அவசரத்துல கட்டை வைக்காம கீழ கை விடப்போனப்ப போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும், அந்த சத்தத்துக்காகவே இவங்களை நான் நம்புறேன்.

இப்ப மூணு மாசம் ஆகுது. கிரீஸ் வேலைய கிழமைக்கு ஒருக்கான்னு மாத்திட்டோம், பின் சில்லை தூக்கி வச்சு, நிப்பிளை முதல்ல துடைச்சு, பழைய கிரீஸ் கறுப்பா வெளிய வந்து புதுசு எட்டிப் பார்க்கிற வரைக்கும் அடிக்கணும், அதை நானே நின்னு பார்த்துட்டு தான் கையெழுத்து வைக்கிறேன். பிரஷர் பைப்பு ஆக்சில் பக்கம் போறதில்ல, கழுவுன நாளைக்கு கட்டாயம் கிரீஸ். பனிக்காலையில அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட விட்டு, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பி, முள்ளை ரெண்டு தரம் தூக்கி இறக்கிட்டு தான் லொறி பக்கம் போறோம். சத்தம் இல்ல, இழுக்கிறதும் இல்ல. வலது பக்க கிங்பின் இப்ப நல்லா இருந்தாலும் அதுவும் அதே வயசு தான்னு பாஸ் போகும்போது சொல்லிட்டு போனாரு, அடுத்த மாசம் உரம் வர்றதுக்கு முந்தி அதையும் கழட்டி பார்க்க நாள் கேட்டிருக்கேன், போன் எடுத்துட்டாங்க, இந்த தடவை ரெண்டாவது அடியிலயே.